புதுத் தோல்

தைப்பிங்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள டாரில் அண்ணாவுக்கு,

இயேசுவின் அமைதி நம் வீட்டில் தங்கட்டும். நான் நலம். அம்மாவும் நீயும் நலமா?

கைப்பேசியை மடத்து வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மாதம் ஒரு கடிதம். ஆபத்து என்றால் மட்டும் மடத்துத் தலைவி மதரின் அறையில் உள்ள தொலைபேசி. கட்டைவிரல் இன்னும் எதையோ தேடி அசைகிறது.

நான்கு வருடம் வார்டில் தாதியாகக் கற்றதை ஒரே மாதத்தில் உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். மறந்திருப்பாய். திரும்பச் சொல்கிறேன். முதலில் பார். பிறகு, பார்த்ததிலிருந்து பிரச்சினை என்ன என்று முடிவு செய். டாக்டர் சொல்லும் பிரச்சினை அல்ல. அவர் அம்மாவின் அட்டையில் 'ஸ்ட்ரோக், இடது பக்கம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். தாதியின் முடிவு வேறு. 'தானாகப் புரள முடியாது, ஆகவே தோல் உடையலாம்.' அடுத்து, என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிடு. அடுத்து, செய். கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்: செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது. பலிக்கவில்லையா, மறுபடி முதலிலிருந்து.

பேருந்து நிலையத்தில் நீ சொன்னதை நினைத்துக்கொள்கிறேன். "ஹோமுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். நீ போ." அதை நம்பித்தான் ஏறினேன். முதியோர் இல்லங்களிலிருந்து எங்கள் வார்டுக்கு வருபவர்களின் முதுகை நானும் எலைனும்தான் கழுவுவோம். சில சமயம் எலும்பு தெரியும். ஒருமுறை எலைன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம அம்மாங்கள இப்படி விடக் கூடாது ஷர்மி" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து அவள் வந்து பார்ப்பாள். சந்தேகம் இருந்தால் அவளிடம் கேள்.

இங்கே மழை.

உன் தங்கை,
ஷர்மைன்

*

குளுவாங்
25 பிப்ரவரி 2024

தங்கச்சி ஷர்மைனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் இரண்டு பேர்.

தமிழ்ப் பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதுவது இப்போதுதான். பிழை இருந்தால் சிரிக்காதே.

அம்மா ஓகே லா. சாப்பிடுகிறார். திட்டுகிறார். நேற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டினேன். "ஏன்டா, நான் என்ன குச்சியில குத்திச் சுடற சாத்தேயா? இந்தப் பக்கம் வெந்துருச்சுன்னு அந்தப் பக்கம் திருப்புற? கடலைக் குழம்பு மட்டும்தான் பாக்கி." வாய் கோணினாலும் வசனம் நேராகத்தான் வருகிறது.

காலையில் பக்கத்து வீட்டு ஆண்ட்டி எட்டிப் பார்க்கிறார். மத்தியானம் நான் தொழிற்சாலையிலிருந்து மோட்டாரில் ஓடி வந்து, புரட்டி, ஊட்டிவிட்டு, திரும்ப ஓடுகிறேன். தூக்கித் தூக்கி முதுகு கொஞ்சம் வலிக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

"பாப்பா எழுதினாளா?" என்று அம்மா கேட்டார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'தோல் உடையலாம்' என்ற இடத்தை மட்டும் படிக்கவில்லை.

அங்கே குளிருமே. போர்த்திக்கொள்.

அண்ணன்,
டாரில்

*

தைப்பிங்
17 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீங்களும் அப்படியே இருக்கச் செபிக்கிறேன்.

'ஓகே லா' என்பது பார்த்தது அல்ல. பார்க்காததற்கு வைத்த பெயர்.

அம்மா சொல்வது ஒன்று. நீ கண்ணால் காண்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுது. எத்தனை வாய் சாப்பிட்டார்? விழுங்கியதும் இருமினாரா? தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு தீர்ந்துவிட்டதா? இடுப்பு, குதிகால், வால் எலும்பு. சிவப்பு இருந்தால் விரலால் அமுக்கு. வெளுத்து, பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே சதை சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்த கடிதத்தில், பார்த்தது முதல் பலன் வரை, ஐந்தும் வரிசையாக வேண்டும்.

இங்கே என்னைத் தோட்டத்தில் விட்டிருக்கிறார்கள். கீரைப் பாத்தி. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்க்கிறேன். மதர் சிரிக்கிறார். "சிஸ்டர், அது பேஷண்ட் இல்ல. கீரை."

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷர்மைன்

*

குளுவாங்
21 ஏப்ரல் 2024

ஷர்மைனுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இதோ நீ கேட்ட ஐந்து.

பார்த்தது: அம்மா சொன்னது, "என்னப் பாத்தா பரீட்சைத் தாள் மாதிரி இருக்கா?" நான் கண்டது, இடது இடுப்பில் ஐம்பது காசு அளவுக்குச் சிவப்பு.

முடிவு: அம்மாவுக்குக் கோபம். இது தாதியின் முடிவா, மகனின் முடிவா, தெரியவில்லை.

திட்டம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது.

செய்தது: முடிந்தபோது.

பலன்: அமுக்கினேன். வெளுக்கவில்லை.

தொழிற்சாலையில் பெட்டிகளின் மேல் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டேன். சூப்பர்வைசர் கமலநாதன் கூப்பிட்டார். "டாரில், வீட்ல பிரச்சனைன்னா லீவு போடு லா. இங்க வந்து சாகாத." லீவெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. வலி இப்போது முதுகிலிருந்து காலுக்கு இறங்கியிருக்கிறது. பரவாயில்லை.

எலைன் சில ஞாயிறுகளாக வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியை விட்டு வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

செபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்.

டாரில்

*

தைப்பிங்
12 மே 2024

அண்ணா,

நலம்தானே?

'வெளுக்கவில்லை.' அந்த ஒரு சொல்லோடு ஒரு வாரம் நடந்தேன். தோட்டத்தில். கோவிலில். சாப்பாட்டு மேசையில்.

இடது பக்கம் படுக்க வைக்காதே. முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதி சாய்த்து வை. முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையைத் தொடக் கூடாது. சிவந்த இடத்தைத் தேய்க்காதே. தைலம் வேண்டாம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி எந்த எண்ணெய் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துவிடு, தடவாதே.

'முடிந்தபோது' என்பது செயல் அல்ல. சாக்கு.

நான் வந்துவிடட்டுமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ வா என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். ஜனவரியில் எனக்குத் துறவு உடை தருவார்கள். இருபது வயதிலிருந்து இதற்காகக் காத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். நீ இருக்கிறாய் என்பதால்தான் இங்கே இருக்க முடிகிறது. பேருந்து நிலையத்தில் சொன்னதை மறக்காதே.

உடனே எழுது.

ஷர்மைன்

*

தைப்பிங்
16 ஜூன் 2024

அண்ணா,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் வரவில்லை. மதரின் தொலைபேசியும் ஒலிக்கவில்லை. ஆகவே ஆபத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இடது இடுப்பு எப்படி?

ஷர்மைன்

*

குளுவாங்
14 ஜூலை 2024

அன்புள்ள ஷர்மைனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இறைவன் அருளால் நலம். நீ நலமா?

அம்மா சொன்னது: வலி இல்லை என்று சொல்கிறார். புருவம் அப்படிச் சொல்லவில்லை.

கண்டது: இடது இடுப்பில் புதுத் தோல். இளஞ்சிவப்பு. ஈரமில்லை. குதிகால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கஞ்சியை இருமாமல் விழுங்குகிறார்.

முடிவு: தானாகப் புரள முடியாததால் அதே இடம் மறுபடி உடைய வாய்ப்பு.

திட்டம்: புதுத் தோல் முழுதாக இருக்க வேண்டும். வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, தானே பாதி புரளப் பழக வேண்டும்.

செய்தது: பகலும் இரவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றியது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்தது.

பலன்: பாதி புரள்கிறார். திட்டம் தொடரும்.

நீ கவலைப்படாமல் செபம் செய். அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

அண்ணன்,
டாரில்

*

தைப்பிங்
11 ஆகஸ்ட் 2024

டாரில் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மதரிடம் காட்டினேன். "உங்க அண்ணனும் நர்ஸா?" என்று கேட்டார். "இல்லை, நான் சொல்லிக்கொடுத்தது" என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

பிறகு திரும்பப் படித்தேன்.

நீ காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவன். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார் பக்கம் மாற்றியது? எந்தக் கட்டில் கம்பி? நம் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிப்போட்ட பலகைக் கட்டில். அதன் தலைப்பக்கம் உயராது. புதுத் தோல் என்றால் பழைய தோல் போயிருக்கிறது. எப்போது? அந்தக் கடிதம் எங்கே?

'புருவம் அப்படிச் சொல்லவில்லை.'

ஷிப்ட் மாறும்போது கட்டிலருகில் நின்று நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைப்போம். நாங்கள் எல்லாரும் 'வலி இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். ஒருத்தி மட்டும் முகத்தையும் ஒப்படைப்பாள். நான்கு வருடம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். இது எலைனின் வாக்கியம்.

எலைன் இப்போது எங்கே வேலை செய்கிறாள்?

அம்மா எங்கே?

நான் நினைப்பது தவறு என்றால் எழுது. சரி என்றால் எழுதாதே. அம்மாவை வீட்டுக்குக் கொண்டு வா.

ஷர்மைன்

*

குளுவாங்
8 செப்டம்பர் 2024

ஷர்மைனுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டுமா?

அம்மா சிம்பாங் ரெங்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். எலைன் அங்கேதான் வேலை செய்கிறாள்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்றே அந்தச் சிவப்பு உடைந்துவிட்டது. மாதக் கடைசியில் குளியலறையில் அம்மாவைத் தூக்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் விழுந்தோம். அம்மா என் மேல். அவராலும் அசைய முடியாது, என்னாலும் முடியாது. குழாய் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி வரும்வரை அப்படியே கிடந்தோம். "இப்ப யாரு யாரத் திருப்புறது?" என்றார் அம்மா. சிரித்தோம். உண்மையாகவே சிரித்தோம். பிறகு அவர் அழுதார். அப்பா செத்தபோதுகூட அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

எலைனைக் கூப்பிட்டேன். அவள் வந்து புண்ணைப் பார்த்தாள். அம்மாவே கேட்டார். "ஒன் எடத்துல கட்டில் இருக்கா?" நான் முடியாது என்றேன். ஷர்மைனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "வாக்குக் கொடுத்தது நீ. படுத்துக் கெடக்கறது நானு" என்றார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றதும் அவர்தான். நம்பினால் நம்பு.

வேலை முடிந்து தினமும் போகிறேன். எலைன் சொல்லச் சொல்ல எழுதினேன். என் வார்த்தையில் எழுதினால் பொய் தெரிந்துவிடும் என்று பயம். நன்றாக எழுதியதால் மாட்டிக்கொண்டேன்.

வாக்கை உடைத்தேன். சரி. ஆனால் ஒன்று. கடவுளிடம் போனவளை யாரும் துரோகி என்று சொல்ல மாட்டார்கள். அதே அம்மாவை விட்டுவிட்டு நான் போயிருந்தால் கோவில் வாசலில் துப்பியிருப்பார்கள். நீ ஏறிய பேருந்துக்கு நான்தான் பை தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா? வா. பலகைக் கட்டில் அப்படியே இருக்கிறது.

டாரில்

*

சிம்பாங் ரெங்கம்
15 செப்டம்பர் 2024

ஷர்மி,

நீ நலமா என்று கேட்க எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கேட்கிறேன்.

உன் அண்ணன் உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். நானும் ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்கிறேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, என் கண்முன்னே அவர் உன் அம்மா செல்லம் ஆண்ட்டியைத் தூக்கினார். முகத்தில் இரத்தமே இல்லை. "ஒன்னும் இல்ல எலைன், பழகிருச்சு" என்றார். சட்டை தோளில் தொங்கியது. பார்த்துக்கொள்பவர் உடைந்துகொண்டிருக்கிறார். இது நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த முடிவு. அதற்கும் திட்டம் உண்டு. உனக்கு எழுத நினைத்தேன். அதற்குள் வேலை மாறியது. பிறகு செல்லம் ஆண்ட்டி என் கையைப் பிடித்து, "பாப்பாக்குச் சொல்லாத" என்றார்.

கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகச் சொல்வது போன்றதுதான் நான் செய்தது. தெரிந்தே செய்தேன்.

வந்து பார். சொல்லாமல் வா. அப்போதுதான் நம்புவாய்.

எலைன்

*

தைப்பிங்
3 நவம்பர் 2024

டாரில் அண்ணாவுக்கு,

மதர் அனுமதி தந்தார். சொல்லாமல் சிம்பாங் ரெங்கம் போனேன். நீ வேலையில் இருந்த நேரம். நான் வந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடமும் எலைனிடமும் கேட்டுக்கொண்டேன். சொல்லாமல் இருப்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம்.

முதலில் மூக்கால் பார்த்தேன். இல்லங்களில் ஒரு வாடை இருக்கும். அங்கே இல்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தவில்லை.

அம்மா ஜன்னலோரம். என்னைக் கண்டதும் கண் நிறைந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "என்ன, ஒன்னயும் தொரத்திட்டாங்களா?"

எலைன் திரையை இழுத்தாள். போர்வையை விலக்கினாள். பழைய நாட்களைப் போல அவள் அம்மாவின் தோளைப் பிடித்தாள், நான் இடுப்பைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தேவையிருக்கவில்லை. இருவரும் ஒரே மூச்சில் புரட்டினோம். இடது இடுப்பில் அந்தப் புதுத் தோல். வழுவழுப்பாக, சுற்றியுள்ள தோலுக்குச் சொந்தமில்லாததுபோல. அமுக்கினேன். வெளுத்தது. சிவந்தது.

"பாஸா ஃபெயிலா?" என்றார் அம்மா.

"ஏன்மா எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ வந்துருப்ப. வந்தா திரும்பப் போக மாட்ட. அப்புறம் சாகற வரைக்கும் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தியாகம் பண்ணுவ. அந்தப் பார்வ எனக்கு வேணாம்டி. இந்தப் புள்ள என்னப் பாக்குறா, வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போறா. எனக்கு அது போதும்."

எலைன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இரண்டு முறை சரிசெய்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவிடம் கேட்கத்தான் அத்தனை மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வந்தேன். கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் ஐந்தையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

பார்த்தது: தோல் முழுதாக இருக்கிறது. எடை கூடியிருக்கிறது. சிரிக்கிறார்.

முடிவு: நான் இல்லாமல் மூன்று பேர் கூடி எடுத்தது.

திட்டம்: எனக்குத் தெரியக் கூடாது.

செய்தது: செய்தார்கள்.

பலன்: பலித்துவிட்டது.

அம்மாவுக்குப் புண் ஆழமாகியிருந்தால், அங்கே அந்த வாடை இருந்திருந்தால், நான் கத்தியிருப்பேன். உங்களை மன்னிக்கவும் முடிந்திருக்கும். எல்லாம் நன்றாக நடந்திருக்கிறது. அதற்கு நான் தேவைப்படவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

ஜனவரியில் உடை பெறும் நாளுக்கு அம்மாவை அழைத்து வா. எலைன் வரட்டும். அவ்வளவு தூரப் பயணம், வழியில் பக்கம் மாற்ற ஆள் வேண்டும். 'நீ வராதே' என்று எழுதி அடித்திருக்கிறேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

கிளம்பும்போது இல்லத்து வாசலில் நின்றேன். உள்ளே சுவரை ஒட்டி நின்ற பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி எலைன் சொன்னாள். "உங்கண்ணன் சாயங்காலம் வந்து உக்கார்ற எடம். உக்காந்துருவாரு. எந்திரிக்கத்தான் நேரமாகும். ரெண்டு கையாலயும் செவுத்தப் புடிச்சு எந்திரிப்பாரு." அந்தச் சுவரைப் பார்த்தேன். உன் கை படும் உயரத்தில் சுண்ணாம்பு கறுத்திருந்தது.

முதுகில் எந்த இடம்? வலி காலில் எதுவரை இறங்குகிறது? பாதம் மரத்துப்போகிறதா? இருமினால், தும்மினால் கூடுகிறதா? இரவு எத்தனை முறை விழிக்கிறாய்?

மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. இது தாதி கேட்கும் கேள்வி.

'ஓகே லா' என்று எழுதாதே.

ஷர்மைன்